இருந்தபோது காசு, இறந்தபின் ஆயிரம் பொன்

கேட்டால் சொல்கிறேன் – வாசகர் கேள்வி பதில்

புதுச்சேரியில் ஒரு ஒயின்ஷாப் கல்லாவில் உட்காருகிறேன். போன மாதம் பிரான்ஸிலிருந்து லீவில் வந்த ஒரு சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர்) வீட்டுப் பிள்ளை, செல்போனில் ஒரு விஸ்கி பாட்டில் படத்தைக் காட்டி "போர்ட் எல்லன் இருக்கா?" என்றார். இல்லை என்றேன். "இருந்தால்தான் அதிசயம். அந்தக் கம்பெனியை மூடி நாற்பது வருஷம். ஒரு பாட்டில் ரெண்டு லட்சத்துக்கு மேல" என்று சிரித்துவிட்டு, ரெண்டு பியர் வாங்கிக்கொண்டு போனார். மூடின கம்பெனிச் சரக்குக்கு இந்த விலையா? இல்லை, என்னைக் கிண்டல் செய்தாரா?
– கே.எஸ்., முத்தியால்பேட்டை

கிண்டல் இல்லை தம்பி. விலையும் அவர் கூட்டிச் சொல்லவில்லை. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். போர்ட் எல்லன் வேறு மாதிரி யானை. உயிரோடு இருந்தபோது அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் ஐலா என்று ஒரு தீவு. எழுதுவது இஸ்லே மாதிரி இருக்கும், வாயில் வருவது ஐலா. மூவாயிரத்துச் சொச்சம் ஜனம். அந்தத் தீவை ஆண்ட ஜமீன்தார் 1821-ல் ஒரு துறைமுக ஊரைக் கட்டி, மனைவி எலினாரின் பெயரை வைத்தார்: போர்ட் எல்லன். 1825-ல் அந்த ஊர்க் கடற்கரையில் சாராயம் வடிக்கும் ஆலை வந்தது. கொஞ்ச நாளில் ஜான் ராம்சே என்பவர் கைக்குப் போய், அவர் காலத்தில் அமெரிக்கா வரை சரக்கு ஏறியது. பிறகு டி.சி.எல். என்ற பெரிய கம்பெனி விழுங்கியது. 1930-ஐ ஒட்டி அடுப்பை அணைத்தார்கள். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் பூட்டியே கிடந்து, 1967-ல் மறுபடி கட்டி, ரெண்டு செப்புக் கொதிகலன் (ஸ்டில் என்பார்கள்) இருந்த இடத்தில் நாலு வைத்து ஓட்டினார்கள். 1983-ல் மறுபடி பூட்டு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1967-லிருந்து 1983 வரை பதினாறு வருஷம். இன்று உலகம் முழுக்க ஆட்கள் அலைந்து தேடுகிற போர்ட் எல்லன் எல்லாம் அநேகமாக இந்தப் பதினாறு வருஷத்துச் சரக்குதான். அதையும் அந்தப் பெயரிலேயே விற்க என்று வடிக்கவில்லை. பத்து இருபது ஆலைச் சரக்கைச் சேர்த்துக் கலக்கி ஒரு பிராண்டு பெயரில் விற்பார்களே, அந்தக் கலவைக்கு வாசனை கொடுக்க என்று வடித்தது. சாம்பாருக்குப் பெருங்காயம் மாதிரி. பெருங்காயத்தைத் தனியாக இலையில் வைத்துச் சாப்பிட எவன் காசு கொடுப்பான்? அன்றைக்கு யாரும் கொடுக்கவில்லை.

ஏன் மூடினார்கள் என்பதை நம் பக்கத்து விவசாயி இரண்டே வரியில் புரிந்துகொள்வார். சவுக்குக்கு நல்ல விலை என்று ஒரு வருஷம் ஊரே சவுக்கு நடும். நாலைந்து வருஷம் கழித்து எல்லாரும் ஒன்றாக வெட்டும்போது லோடு ஏற்ற ஆள் வராது. விஸ்கி அதைவிட மோசம். ஸ்காட்லாந்துச் சட்டப்படி ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது மூன்று வருஷம் கிடக்க வேண்டும். பன்னிரண்டு வருஷச் சரக்கு என்று விற்க வேண்டுமானால், பன்னிரண்டு வருஷம் கழித்து எவ்வளவு பேர் குடிப்பார்கள் என்று இன்றைக்கே ஜோசியம் பார்த்து வடிக்க வேண்டும். அறுபது, எழுபதுகளில் விற்பனை ஏறுமுகம், எல்லாரும் கொதிகலனைப் பெருக்கினார்கள். பிறகு எண்ணெய் விலை ஏறியது, மந்தம் வந்தது, இளைஞர்கள் வோட்கா பக்கம் சாய்ந்தார்கள். குடோன் குடோனாகப் பீப்பாய் தேங்கிக் கிடந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயரே விஸ்கி ஏரி. வீராணம் நிரம்பினால் மதகைத் திறக்கலாம், இதை எங்கே திறப்பது? 1983-ல் மட்டும் டி.சி.எல். பத்துக்கு மேற்பட்ட ஆலைகளை மூடியது.

ஐலாவில் அந்தக் கம்பெனிக்கு மூன்று ஆலை. லாகவூலினுக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது. கூல் ஈலாவை எழுபதுகளில்தான் இடித்துப் பெரிதாகக் கட்டியிருந்தார்கள். நடுவில் போர்ட் எல்லன், பெயரும் இல்லை, பெரிசும் இல்லை. மூன்று பிள்ளையில் நடுப்பிள்ளை நிலைமை.

மூடினார்களே தவிர, குடோனில் இருந்த பீப்பாய்கள் என்ன செய்யும்? கிடந்தன. கடலைப் பார்த்த வெள்ளைச் சுவர், அதில் கறுப்பில் ஊர்ப் பெயர், உள்ளே இருட்டு, பீப்பாய். வருஷத்துக்கு நூற்றுக்கு இரண்டு பங்கு ஆவியாகிப் போகும். அதை அவர்கள் தேவதைகளின் பங்கு என்பார்கள். மீதி முதிர்ந்துகொண்டே வந்தது. இதற்குள் கம்பெனி கைமாறி, 1997-ல் டியாஜியோ ஆனது. தனி ஆலைச் சரக்கைத் தனியாகக் குடிக்கும் பழக்கம் அந்த இடைவெளியில்தான் பெரிதாகப் பிடித்தது. 2001-லிருந்து வருஷத்துக்கு ஒரு முறை போர்ட் எல்லன் என்றே பெயர் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாட்டிலில் விட்டார்கள். முதல் தடவை ஒரு பாட்டில் சுமார் 100 பவுண்ட். பதினைந்து வருஷத்துக்குள் 2,000 பவுண்டைத் தாண்டியது. ரூபாயில் பெருக்கினால் உங்கள் சொல்தா வீட்டுப் பிள்ளை சொன்ன தொகை வரும்.

அந்த விலை ருசிக்கு மட்டுமா என்றால், என் அபிப்பிராயத்தில் இல்லை. ஒரு பாட்டிலைத் திறந்தால் உலகத்தில் ஒரு பாட்டில் குறைகிறது. அதற்குத்தான் பாதிப் பணம். அது ஓடிக்கொண்டே இருந்திருந்தால் இன்னும் பெருங்காயமாகவே இருந்திருக்கும்.

நீங்கள் சொட்டுக்கூடக் குடிக்காதவர் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். குடிக்காதவர் குடியைப் பற்றி எழுதுவது, சமைக்கத் தெரியாதவர் ருசி சொல்வது போல இல்லையா?
– ஆர்.வி., லாஸ்பேட்டை

ஐயா, கடலூர்ப் பக்கம் ஒரு ஸ்பிரிட் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் இருந்தேன். மூக்கு குடித்தது, வாய் குடிக்கவில்லை. எங்கள் ஆலையில் மொலாசஸ் தொட்டியைத் திறந்தால் கரும்புப் பாகு கருகிப் புளித்த வாடை சட்டையோடு வீட்டுக்கு வரும். மனைவி கொல்லைப்புறம் போய்க் குளித்துவிட்டுத்தான் உள்ளே வரச் சொல்வாள்.

மேஜையில் என் கருவி சைக்ஸ் ஹைட்ரோமீட்டர். உள்ளங்கை அகல மரப்பெட்டி, உள்ளே வெல்வெட்டுப் பள்ளம், அதில் ஒரு பித்தளைக் குண்டு, குண்டுக்கு மேலே கோடு போட்ட தட்டைக் காம்பு. பக்கத்தில் வரிசையாக ஒன்பது எடை, 10-லிருந்து 90 வரை எண் குத்தியிருக்கும். ஸ்பிரிட்டைக் கண்ணாடிக் குழலில் ஊற்றி, சரியான எடையை மாட்டி மிதக்க விட்டு, காம்பு எந்தக் கோட்டில் நிற்கிறது, சூடு எவ்வளவு என்று பார்த்துப் புத்தகத்தைப் புரட்டினால் சரக்கின் வலு தெரியும். கலால்காரர் எதிரில் நின்றுகொண்டு அதே கோட்டை அவரும் பார்ப்பார். அவர் எழுதுவதும் நான் எழுதுவதும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்தக் கருவியை இங்கிலாந்துக் கலால் துறை 1816-ஐ ஒட்டி ஏற்றுக்கொண்டது. அதாவது போர்ட் எல்லனில் முதல் சொட்டு விழுந்தபோது அளந்ததும் இதே குண்டுதான். ஐலாவுக்கும் கெடிலம் ஆற்றுக்கும் அந்த ஒரு சொந்தம் போதும், நான் எழுத.

ஸ்காட்லாந்து ஆலைப் படங்களில் கொதிகலனுக்குப் பக்கத்தில் பூட்டுப் போட்ட கண்ணாடிப் பெட்டி தெரிகிறதே, அது என்ன?
– ஜெ., நெல்லித்தோப்பு

ஸ்பிரிட் சேஃப். பித்தளைச் சட்டம், தடித்த கண்ணாடி, கோயில் உண்டியல் மாதிரி பூட்டு. கொதிகலனில் ஆவியாகிக் குளிர்ந்து வருகிற சாராயம் வெளிக்காற்றைப் பார்ப்பதற்கு முன் இந்தப் பெட்டிக்குள்தான் விழும். அந்தக் காலத்தில் சாவி கலால்காரரிடம். வடிப்பவர் எதிரில் நின்று பார்க்கலாம், தொட முடியாது. வரி போய்விடக் கூடாது என்கிற கவலைதான். 1820-களில் இந்தப் பெட்டியை முதலில் சோதித்துப் பார்த்த இடம் போர்ட் எல்லன் என்று அந்த ஆலையின் வரலாற்றில் சொல்வார்கள்.

வடிப்பவரின் சாமர்த்தியம் எல்லாம் அந்தக் கண்ணாடிக்கு வெளியே நின்று செய்வது. முதலில் வருவது காரமான தலைச் சரக்கு, குடிக்க ஆகாது. கடைசியில் வருவது எண்ணெய்ப் பசையும் நாற்றமும் உள்ள வால். நடுவில் வருகிற இதயப் பகுதி மட்டும்தான் பீப்பாய்க்கு. பெட்டிக்குள் மிதக்கிற ஹைட்ரோமீட்டரைப் பார்த்து, தண்ணீர் கலந்தால் கலங்குகிறதா என்று பார்த்து, வெளியே இருக்கிற கைப்பிடியைத் திருப்புவார். இங்கே திருப்பினால் ஒரு தொட்டி, அங்கே திருப்பினால் வேறு தொட்டி. ஐந்து நிமிஷம் முந்தித் திருப்புகிறவரும் பிந்தித் திருப்புகிறவரும் வேறு வேறு விஸ்கி தருவார்கள். ஒரு ஆலையை மூடும்போது உலோகம் மட்டும் நிற்பதில்லை, எப்போது திருப்புவது என்கிற இந்தக் கை நின்றுபோகிறது.

எங்கள் ஆலையில் கண்ணாடிப் பெட்டி இல்லை. குடோன் கதவில் ரெண்டு பூட்டு: ஒன்று கம்பெனிக்கு, ஒன்று கலாலுக்கு. கலால்காரர் லீவு போட்டால் ஆலையே லீவு.

நம் பக்கத்தில் இப்படிப் பேர்போன, மூடிய வடிசாலை எதுவும் கிடையாதா? இருந்தால் அதன் பழைய பாட்டிலுக்கும் விலை இருக்குமே!
– கல்லூரி மாணவர், காலாப்பட்டு

வரலாறு இருக்கிறது தம்பி, பாட்டில்தான் இல்லை. நெல்லிக்குப்பம் வழியாகப் பண்ருட்டி போயிருக்கிறீர்களா? அங்கே 1842-லிருந்து சர்க்கரை ஆலை. இ.ஐ.டி. பாரி என்கிறோமே, அந்த இ.ஐ.டி. எதன் சுருக்கம் என்று கேட்டால் ஊர்க்காரர்களே பாதிப் பேர் விழிப்பார்கள். ஈஸ்ட் இண்டியா டிஸ்டிலரீஸ். கிழக்கிந்திய வடிசாலைகள்! 1897-ல் வைத்த முழுப்பெயர் ஈஸ்ட் இண்டியா டிஸ்டிலரீஸ் அண்ட் சுகர் ஃபேக்டரீஸ். பெயரில் சாராயம் முதலில், சர்க்கரை பிறகு. சென்னையில் பாரி முனைக்குப் பெயர் கொடுத்த தாமஸ் பாரி 1824-ல் பரங்கிப்பேட்டையில் காலரா கண்டு இறந்தார். கடலூர் கிறிஸ்து தேவாலயத்தில்தான் அடக்கம். அடுத்த வருஷம் போர்ட் எல்லன் பிறக்கிறது. இரண்டுக்கும் சம்பந்தம் ஒன்றும் கிடையாது, வருஷம் அடுத்தடுத்து வந்ததால் சொன்னேன்.

பாட்டில் ஏன் இல்லை என்பது முக்கியம். ஐலாக்காரர்கள் பார்லியை ஊறவைத்து முளைகட்டி, சதுப்பு நிலத்தில் வெட்டியெடுத்த பீட் என்கிற மண்கட்டியை எரித்து, அந்தப் புகையில் காய வைப்பார்கள்; அதுதான் மால்ட். அந்தப் புகை கடைசிவரை சரக்கில் நிற்கும். கொதிகலன் உருவம், செம்பு, பீப்பாய் எல்லாம் ருசியில் தெரியும். அதனால் ஒரு ஆலை போனால் ஒரு ருசி போகிறது. இங்கே நம் ஆலைகளில் மொலாசஸைப் புளிக்க வைத்து, நெட்டையான தூண் வடிவக் கொதிகலனில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வலு வரை உருவிவிடுவோம். கரும்பு வாசனைகூட மிஞ்சாது. பிறகு கேரமல் நிறம், எசன்ஸ், கொஞ்சம் மால்ட். விஸ்கியும் பிராந்தியும் ரம்மும் ஒரே தொட்டியிலிருந்து கிளம்பும். ஐரோப்பாவில் இதை விஸ்கி என்று லேபிள் ஒட்டி விற்க முடியாது. தானியத்திலிருந்து வடித்தால்தான் அங்கே விஸ்கி. நான் வேலை பார்த்த ஆலை மூடியபோது எத்தனையோ பேருக்கு வருத்தம், எனக்கும்தான். ஆனால் இனி அந்த ருசி கிடைக்காதே என்று ஒருவர்கூட அழவில்லை. அப்படி ஒரு ருசி இருந்தால்தானே?

மூடிக் கிடந்த ஆலையில் திருட்டுப் போனதாகக் கேள்விப்பட்டேன். சரக்கா திருடினார்கள்?
– எம்., திருப்பாதிரிப்புலியூர்

சரக்கு இல்லை, கொதிகலன். ஸ்காட்லாந்தில் ஃபால்கிர்க் என்கிற ஊரில் கால்வாய்க் கரையில் ரோஸ்பேங்க் என்று ஒரு ஆலை. மற்றவர்கள் இரண்டு தடவை வடித்தால் இவர்கள் மூன்று தடவை. 1993-ல் மூடினார்கள். கழிவுநீர் ஏற்பாட்டைப் புதுப்பிக்க ஆகிற செலவு கட்டுப்படியாகவில்லை என்பது ஒரு காரணம். பூட்டிய ஆலைக்குள் செப்புக் கொதிகலன் சும்மா நின்றது. 2008 முடிந்து 2009 பிறக்கிற பண்டிகை நாட்களில் யாரோ புகுந்து அதை வெட்டிக் கொண்டுபோய்விட்டார்கள். பழைய இரும்புக் கடைக் கணக்கில் செம்பு எடைக்கு எடை. நம் ஊரில் ராத்திரியோடு ராத்திரியாக மோட்டார் கொட்டகையில் செப்புக் கம்பி உருவுகிறானே, அதே ஜாதித் திருடன். 2017-ல் வேறு கம்பெனி வாங்கி, பழைய வரைபடத்தை வைத்து அதே உருவத்தில் கொதிகலன் செய்து மறுபடி வடிக்க ஆரம்பித்தார்கள்.

பான்ஃப் ஆலைக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. 1941-ல் ஜெர்மன் விமானம் போட்ட குண்டில் அதன் குடோன் எரிந்து, விஸ்கி வாய்க்காலில் ஓடி, மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் குடித்துவிட்டுப் பால் கறக்க எழுந்து நிற்கவில்லை என்று சொல்வார்கள். 1983-ல் மூடியவர்கள் கட்டடத்தையும் விட்டுவைக்கவில்லை. இன்வர்னஸ் நகரத்தில் இரண்டு ஆலை இருந்த இடத்தில் இப்போது கடைவளாகம். லின்லித்கோவில் ஒன்று குடியிருப்பாகிவிட்டது.

என் வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம். அவருடைய அண்ணன் 1995 வாக்கில் துபாயிலிருந்து கொண்டுவந்த ஒரு ஸ்காட்ச் பாட்டில் பீரோவில் பிரிக்காமல் இருக்கிறது. லேபிளில் 12 என்று போட்டிருக்கிறது. இப்போது அது நாற்பது வருஷச் சரக்கு, லட்சம் போகும் என்கிறான் தம்பி மகன். உண்மையா?
– வாசகி, மஞ்சக்குப்பம்

இல்லையம்மா. விஸ்கிக்கு வயசு பீப்பாயில் இருக்கும்போதுதான் ஏறும். கண்ணாடியில் ஊற்றி மூடிய அன்றோடு வயசு நின்றுபோகும். 12 என்றால் என்றைக்கும் 12. ஊறுகாய் ஜாடி இல்லை, நாளாக நாளாக ஊற.

உங்களிடம் இருப்பது இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிற ஆலைச் சரக்காகத்தான் இருக்கும். பழைய லேபிள் என்று சேகரிப்பவர் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாம், லட்சம் எல்லாம் கிடையாது. மேலும், லைசென்ஸ் இல்லாமல் மது விற்பது குற்றம். தம்பி மகனிடம் அதையும் சொல்லுங்கள். வைத்திருப்பதானால் படுக்க வைக்காதீர்கள், கார்க் கெட்டுவிடும். நிற்க வைத்து, வெயில் படாமல் பாருங்கள். கழுத்துப் பக்கம் மட்டம் கொஞ்சம் இறங்கியிருந்தால் பயப்பட வேண்டாம், யாரும் திறக்கவில்லை. அதுதான் மேலே சொன்ன தேவதைகள்.

ஏ.எஃப்.டி. துணி மில்லில் வேலை பார்த்தவன் நான். 2020-ல் மூடிய பிறகும் காலையில் சங்கு ஊதுகிற நேரத்துக்கு முழிப்பு வந்துவிடுகிறது. அந்த விஸ்கி ஆலைகளைத் திறந்துவிட்டார்களாமே? பழைய ஆட்களைக் கூப்பிட்டார்களா?
– பெயர் வேண்டாம், முதலியார்பேட்டை

திறந்தார்கள் ஐயா. போர்ட் எல்லனை 2024 மார்ச் 19-ல் திறந்தார்கள். பழைய கொதிகலன்களின் உருவத்தையே பார்த்துப் புதிதாகச் செய்தவை ஓடுகின்றன. ஆனால் 41 வருஷம். பூட்டிய அன்று இருபத்தைந்து வயசுக்காரருக்குத் திறந்த அன்று அறுபத்தாறு. கைப்பிடி திருப்பக் கூப்பிட யார் இருப்பார்கள்?

அந்த ஊர் அத்தனை நாள் பிழைத்தது வேறொரு கொட்டகையால். ஆலைக்குப் பக்கத்தில் 1973-ல் பார்லி முளைகட்டும் கூடம் ஒன்று பெரிய பெரிய உருளைகளோடு கட்டியிருந்தார்கள். வடிசாலையை மூடியபோது அதை மூடவில்லை. 1987-ல் தீவிலிருந்த ஆலைகள் எல்லாம் கூடி, போட்டிக் கம்பெனிகளும் சேர்த்துத்தான், எங்கள் மால்ட்டில் ஒரு பங்கை இங்கே வாங்குகிறோம் என்று ஒப்பந்தம் போட்டன. அதனால் அந்தக் கூடத்து வேலைகள் தப்பின. பாட்டிலை ஏலம் எடுக்கிறவர்கள் பேசாத விஷயம் இது. எனக்கு அந்த இரண்டு லட்ச ரூபாய் பாட்டிலைவிட இந்தக் கொட்டகைதான் பெரிசு.

வடக்கே ப்ரோரா என்று இன்னொரு ஆலை. அதுவும் 1983-ல் மூடி, 2021 மே மாதம் திறந்தது. அங்கே பழைய கொதிகலன் ரெண்டும் அப்படியே நின்றதால் கழற்றிச் செப்பனிட்டு மறுபடி மாட்டினார்கள். திறந்தபோது வடிப்புக்குத் தலைவராக வந்தவர் அதே ஊர்க்காரர், ஸ்டூவர்ட் போமன். அவருடைய அப்பா அந்த ஆலையின் கடைசிக் கலால்காரர். மூடிய அன்று அப்பா பேரேட்டில் எழுதிய வரியை மகன் சொல்லியிருக்கிறார். மூடியாயிற்று என்று அவர் எழுதவில்லை. ப்ரோரா ஆலையின் ஓய்வுக்காலம் தொடங்குகிறது, எவ்வளவு காலம் என்று முடிவாகவில்லை, என்று எழுதி வைத்திருந்தார்.

எங்கள் ஆலையின் கடைசிப் பக்கத்தை நான்தான் எழுதினேன். தேதி, சூடு, வலு, பிறகு "ஸ்டில் நின்றது, மாலை 4.10". கலால்காரர் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். ஹைட்ரோமீட்டரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். 60-ஆம் எண் எடை மட்டும் மேஜையிலேயே கிடந்திருக்கிறது. மறுநாள் காலையில் நினைவு வந்து போனேன். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை.